சாசனமும் நாட்குறிப்பும்: தமிழ்ச் சரித்திர நாவலின் ஆதாரங்கள் குறித்து ஓர் ஆராய்ச்சி

கோடை விடுமுறையில் படிப்பதற்கு எந்தச் சரித்திர நாவலைத் தேர்ந்துகொள்ளலாம் என்ற கேள்வி, பார்வைக்கு எளியதாயினும், ஆராய்ந்து பார்க்குமிடத்து இலக்கியக் கொள்கையைச் சார்ந்த பெரிய பிரச்சினை ஒன்றைத் தன்னுள் அடக்கியிருக்கிறது. நடந்ததோடு ஒத்திருக்கிறதா, படிக்கச் சுவையாக இருக்கிறதா என்னும் இரண்டு அளவுகோல்களைக் கொண்டே இவ்வகை நாவல்களை நாம் மதிப்பிட்டு வருகிறோம். அவ்விரண்டும் வேண்டுவனவே. ஆயினும் அவற்றுக்கு முன்னதாகக் கேட்கத்தக்கது, ஆசிரியர் எவ்வகை ஆதாரத்தின்மீது நின்றுகொண்டு எழுதுகிறார் என்பதே என்பது என் துணிபு. ஒரு நாவலில் எந்த மனிதர்கள் உயிரோடு உலவுவார்கள், எவர்கள் நிழலாக ஒதுங்கிப் போவார்கள் என்பதை ஆசிரியரின் திறமையைக் காட்டிலும் ஆதாரத்தின் இயல்பே பெரும்பாலும் நிர்ணயித்துவிடுகிறது.

இதற்குத் தக்க திருஷ்டாந்தம் நம் எல்லோருக்கும் பழக்கமான கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னிலேயே கிடைக்கிறது. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ பத்திரிகையில் தொடராக வெளிவந்த அந்நாவலின் நடுநாயகமான சம்பவம் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலை. அக்கொலைக்கு நேரான சான்றாக நமக்குக் கிடைத்திருப்பது, காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில் உள்ள ஒரு சாசனம். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்ததாக ஆராய்ச்சியாளர் கொள்ளும் அச்சாசனத்தை ஊன்றிப் படிப்பவர்க்கு முதலில் புலனாகும் உண்மை, அது கொலையைப் பற்றிச் சொல்ல வெட்டப்பட்டதன்று என்பதேயாகும். சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோர் துரோகிகளாகக் குறிக்கப்படுகின்றனர்; அவர்களுடைய சொத்துக்கள் மட்டுமன்றி, உறவுமுறை உறவுமுறையாகச் சொல்லிச் சுற்றத்தாருடைய சொத்துக்களையும் கைப்பற்றுமாறு வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரச ஆணை வருகிறது; அவ்வாறு பறிமுதலான நிலத்தை ஒருவர் சபையாரிடம் விலைக்கு வாங்கித் தர்மத்துக்கு விடுகிறார். நிலத்தின் உரிமை ஐயமற விளங்கவேண்டும் என்பதற்காகவே அதன் பூர்வ கதை சொல்லப்படுகிறது. ஓர் இளவரசனின் கொலை, ஒரு நிலக்கிரயத்தின் முகவுரையாக நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது!

கொலை நிகழ்ந்ததற்கும் இந்த ஆணை பிறந்ததற்கும் இடையே உத்தம சோழனின் ஆட்சிக்காலம் முழுவதும் கழிந்திருக்கிறது என்று கொண்டு, அவ்வரசனுக்கும் இச்சதியில் பங்குண்டு என்று ஐயுற்றார் பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார். சதாசிவ பண்டாரத்தார் அதனை மறுத்தார். உத்தமனின் மகன் ராஜராஜன் ஆட்சியில் உயர்ந்த அதிகாரியாக விளங்கியதை எண்ணும்போது மறுப்பின் பக்கமே வலிமை மிகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. திருவாலங்காட்டுச் செப்பேடுகளோ, ஆதித்தன் விண்ணுலகம் காண விரும்பிச் சென்றான் என்ற கருத்துப்பட மெல்லச் சொல்லி மேலே போய்விடுகின்றன.

இவ்வளவு சிறிய சான்றையும் இவ்வளவு பெரிய மௌனத்தையும் கல்கி எவ்வாறு கையாண்டார்? ரவிதாசனைப் பாண்டிய நாட்டு மெய்காவலரான ஆபத்துதவிகளின் தலைவனாக்கினார்; நந்தினி என்னும் பாத்திரத்தைப் படைத்தார்; கடம்பூர் மாளிகையில் விளக்கணைந்த அறையில் கொலையை நிகழ்த்தி, கொன்ற கை எது என்பதை ஐயந்திரிபற உரைக்காமலே விட்டார். கதையின் உச்சத்தில் விடை கூறாது ஒதுங்கிக்கொண்டார் என்று இதைக் குறைகூறுவோர் உண்டு. யான் இதனை அந்நாவலின் மிகப் பெரிய நேர்மையாகக் கருதுகிறேன். சரித்திரம் வாய்திறவாத இடத்தில் கற்பனை உரிமை கொண்டாடலாம். ஆனால் தீர்ப்பு வழங்கலாகாது என்ற வரம்பை அவர் உணர்ந்து போற்றியிருக்கிறார்.

எனினும், சாசனத்தை நம்பிய நாவலுக்கு ஓர் எல்லையும் உண்டு. தானம் கொடுத்தவர், பெற்றவர், ஆணையிட்டவர், தண்டனையடைந்தவர் ஆகியோரைத் தவிர வேறெவரையும் கல் பெரும்பாலும் அறிவதில்லை. நாவலின் நாயகனான வந்தியத்தேவனே தஞ்சைப் பெரிய கோயில் சாசனத்தில் குந்தவையின் கணவன் என்ற அளவில்தான் இடம்பெறுகிறான். ஓடக்காரப் பெண்ணும் பூமாலை கட்டுகிறவனும் நாவலுக்குள் வரவேண்டுமானால் முழுக்க முழுக்கக் கற்பனையினின்றே வந்தாகவேண்டும். அவ்வாறு வந்தவர்களும் இறுதியில் அரண்மனைக் கதையின் இழையோடு முடிச்சுப் போடப்பட்டு விடுகிறார்கள். பூமாலை கட்டிய சேந்தன் அமுதன் கடைசியில் சிங்காதனத்துக்கு உரியவனாக வெளிப்படுவது இந்த நிர்ப்பந்தத்தின் விளைவு. கல்கிக்குப் பின் வந்தோர் பலர் அவருடைய குதிரையையும் சுரங்கப்பாதையையும் எடுத்துக்கொண்டு, சாசனங்களிடம் அவர் காட்டிய பயபக்தியை விட்டுவிட்டனர் என்பது வருந்தத்தக்கது.

இப்போது வேறொரு வகை ஆதாரத்தைக் கவனிப்போம். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் வணிகத்தோடு பிணைந்து வாழ்ந்து, 1747இல் தலைமைத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, உயர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736ஆம் ஆண்டு தொடங்கி ஏறக்குறைய இறுதிக்காலம் வரை நாட்குறிப்பு எழுதிவந்தார். கப்பல் வந்ததும் பீரங்கி முழங்கியதும், துணிச் சரக்கின் விலையும், யார் யாருக்கு என்ன வெகுமானம் கொடுத்தார் என்பதும், கவர்னர் டூப்ளே முகங்கோணிப் பேசியதும், அவர் மனைவியிடம் இவருக்கிருந்த தீராத மனக்கசப்பும் அதில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. 1745ஆம் ஆண்டுக் குறிப்புக்களில், மாதா கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவரையும் பறையர் கிறிஸ்தவரையும் பிரித்து நின்ற சுவரைப் பற்றி எழுந்த பூசலும் பதிவாகியிருக்கிறது. ஒரு கோயிலுக்குள் நின்ற சுவரையும் அதைக் குறித்து மனிதர் போட்ட சண்டையையும் அரசர் புகழ் பாடும் எந்த மெய்க்கீர்த்தி நமக்குச் சொல்லும்?

இந்த நாட்குறிப்பின் உலகத்தினின்று எழுந்தவையே பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்னும் இரண்டு நாவல்களும். பின்னதற்கு 1995இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. அவற்றில் கவர்னரும் துபாஷும் இருக்கிறார்கள். ஆனால் கதையின் பாரம் அவர்கள் தோளில் மட்டும் இல்லை. தாசிகளும் தறிக்காரர்களும் அடிமையாகக் கப்பலேற்றப்படுவோரும் தத்தம் துக்கத்தோடு வந்து நிற்கிறார்கள். அவர்களில் எவரையும் இளவரசராக்க வேண்டிய அவசியம் ஆசிரியருக்கு நேரவில்லை.

ஆனந்தரங்கப் பிள்ளையும் செல்வந்தர்தாமே, தம் சாதியின் அபிமானமும் தம் வியாபாரத்தின் லாபமும் கலந்த கண்ணால்தானே ஊரைப் பார்த்தார் என்று ஆட்சேபம் எழலாம். ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் மெய்க்கீர்த்தி பாடியவர் பலர் தம்மை மறைத்துக்கொண்டனர். நாட்குறிப்பு எழுதியவரோ தம்முடைய பயத்தையும் பொறாமையையும் தாமே அறியாமல் வெளியிட்டுக்கொண்டே போகிறார். ஆகையால் அவருடைய பாரபட்சத்தை அளந்து கழித்துவிட்டு, அவர் பாராமல் விட்ட மனிதனை நாவலாசிரியர் தேடிப்போவதற்கு வழி கிடைக்கிறது. பிரபஞ்சன் செய்தது இதுவே. இது கற்பனையும் ஆராய்ச்சியும் ஒருங்கே செய்த அரிய காரியம்.

பிற்காலத்து நாவல்களில், மதுரை நாட்டுக் காவல் முறையை நூற்றாண்டுக் கணக்கில் தொடர்ந்து செல்லும் சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்ட’மும், 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தின் பின்னணியில் சென்னை ஐஸ் ஹவுஸ் தொழிலாளரைப் பற்றிப் பேசும் ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’யும், ஆங்கில ஆட்சியின் ஆவணங்கள் திறந்துவிட்ட வாசலின் வழியே வந்தவை. சோழர் கதையையே மீண்டும் மீண்டும் நாடுகிற இளைய வாசகர்கள் இவ்விரண்டையும் இந்த வேனிற்காலத்தில் ஒருமுறை பொறுமையாகப் படிக்கவேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். முன்னது அளவிற் பெரியது, அவசரப்படுவோர்க்கு உகந்ததன்று.

இன்னும் தொடப்படாத ஆதாரங்கள் எத்தனையோ கிடக்கின்றன. தஞ்சை மராட்டியர் காலத்து மோடி எழுத்து ஆவணங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆராய்ந்த அழகியபாண்டியபுரத்து முதலியார் ஓலைகளில், நாஞ்சில் நாட்டில் மனிதரை மனிதர் விலைக்கு விற்ற அடிமை ஆவணங்கள் இருக்கின்றன. நிலத்தின் உரிமையைச் சொல்லப் புகுந்த உடையார்குடிச் சாசனம் தற்செயலாக ஒரு கொலையைச் சொல்லிவிட்டதுபோல, இவ்வோலைகளும் கிரயத்தைச் சொல்லப் புகுந்து விற்கப்பட்டவர்களையும் நமக்குச் சொல்லிவிடுகின்றன. அரசகுமாரனின் மரணத்துக்காக ஐந்து பாகங்கள் எழுதிய தமிழில், விற்கப்பட்ட அம்மனிதர்களுக்காகவும் அதே உழைப்போடும் அதே பயபக்தியோடும் ஒருவர் எழுத முன்வரவேண்டும்.