வாத்தியாருக்கு யார் பாடம் எடுப்பது?

ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு அ, ஆ சொல்லித்தர ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வேணும். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க பி.எட். வேணும். எம்.எஸ்ஸி. வகுப்பில் போய் குவாண்டம் இயற்பியல் எடுக்கணும்னா? முதுகலைப் பட்டம், அதோடு நெட்டோ, ஸ்லெட்டோ, பிஹெச்.டி.யோ இருந்தால் போதும். பாடம் தெரியுமா என்பதற்குத்தான் சான்றிதழ். பாடம் எடுக்கத் தெரியுமா என்பதற்கு ஒன்றும் கிடையாது.

"நெட் முதல் தாளில் டீச்சிங் ஆப்டிட்யூட் கேட்கிறார்களே" என்று யாராவது சொல்லலாம். வாஸ்தவம்தான். ஆனா அதுவும் நாலு விடையில் ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிற கேள்வி. நீச்சல் தெரியுமான்னு கேள்வித்தாள்ல கேட்கிற மாதிரி :-)

இந்தக் கூத்து எப்போ ஆரம்பிச்சது? கொஞ்சம் பின்னாடி போகணும்.

சென்னையில் ஆசிரியர்களைத் தயார்செய்ய அரசாங்கம் ஒரு நார்மல் ஸ்கூலை ஆரம்பித்தது 1856-ல். சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியின் வேர் அதுதான். சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது 1857 செப்டம்பர் 5. அதாவது, பல்கலைக்கழகத்துக்கு முன்னாடியே ஆசிரியர் பயிற்சி வந்துவிட்டது. ஆனால் அது பள்ளிக்கூட வாத்தியாருக்கு. கல்லூரி ஆசிரியருக்கென்று நாடு தழுவிய ஏற்பாடு வர 1987 வரை காத்திருக்கணும். நூத்தி முப்பது வருஷ இடைவெளி!

ஏன் இவ்வளவு தாமதம்? என் கணிப்பு இது. அன்றைய சென்னைப் பல்கலைக்கழகம் லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துச் செய்தது. அது பாடம் நடத்தவில்லை. கல்லூரிகளை இணைத்துக்கொண்டு, தேர்வு வைத்து, பட்டம் கொடுத்தது. பாடத்திட்டம் ஒருத்தர், கேள்வித்தாள் இன்னொருத்தர், திருத்துவது மூணாமத்தவர். நடுவில் கல்லூரி விரிவுரையாளர். அவர் வேலை, வரப்போகிற கேள்விக்கு விடை இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்வது. அதுக்கு நோட்ஸ் போதும். மூணு வருஷம் மஞ்சள் பூத்த தாளில் இருந்து டிக்டேஷன் எழுதி டிகிரி வாங்கினவங்க நம்மில் எத்தனையோ பேர். நானும்தான். அவரைக் குறை சொல்லி என்ன பண்ண, அவருக்கு யாரும் வேற வழி காட்டவே இல்லையே!

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. 1909-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் நடத்தச் சேர்ந்த ஓர் இளைஞர், அடுத்த வருஷம் சைதாப்பேட்டைக்குப் போய் ஆசிரியர் பயிற்சி எடுத்துக்கொண்டார். பெயர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். சுதந்திரத்துக்குப் பிறகு 1948-49-ல் பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு அவர்தான் தலைவர். விடுமுறையில் புத்தாக்கப் பயிற்சி நடத்துங்கள் என்று அந்தக் குழு சொன்னது. யாருக்கு? உயர்நிலைப்பள்ளி, இன்டர்மீடியட் ஆசிரியர்களுக்கு!

விஷயத்தை நேரடியாகத் தொட்டது 1964-66 கோத்தாரி கமிஷன். புதுசா சேர்ந்த விரிவுரையாளருக்கு நிலைகொள்ளக் கொஞ்ச நாள் கொடுங்கள், நல்ல ஆசிரியர்களின் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள், ஓரியண்டேஷன் நடத்துங்கள், பெரிய பல்கலைக்கழகங்களில் இதுக்கென்றே ஸ்டாஃப் காலேஜ் வையுங்கள் என்றது. எவ்வளவு எளிமையான யோசனை பாருங்க. நல்லா பாடம் எடுக்கிறவர் வகுப்பில் பின்பெஞ்சில் உட்காருவதற்குப் பணமா செலவாகும்? ஆனால் அறிக்கை அலமாரிக்குப் போச்சு. எழுபதுகளில் கல்லூரி அறிவியலுக்கு ஒரு திட்டம், கலைப் பாடங்களுக்கு ஒரு திட்டம் என்று யு.ஜி.சி. நடத்தியதோடு சரி. பாலிடெக்னிக் ஆசிரியர்கள் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள். அவர்களுக்காகவே அறுபதுகளில் சென்னை தரமணி உட்பட நாலு இடங்களில் பயிற்சி நிலையங்கள் வந்துவிட்டன.

1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகுதான் கதவு திறந்தது. 1987-லிருந்து நாடெங்கும் அகடமிக் ஸ்டாஃப் காலேஜ்கள். முதல் கட்டத்தில் 48-க்கு அனுமதி. தமிழ்நாட்டில் சென்னை, பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் வந்தன. புதியவர்களுக்கு நாலு வாரம் ஓரியண்டேஷன், ஏற்கெனவே இருப்பவர்களுக்கு அவரவர் பாடத்தில் மூணு வாரம் ரெஃப்ரஷர்.

ஓரியண்டேஷனின் வடிவம் உண்மையிலேயே நல்லா யோசிச்சுப் போட்டது. 144 மணி நேரம், நாலு பகுதி: சமூகம்-சுற்றுச்சூழல்-வளர்ச்சியோடு கல்விக்குள்ள தொடர்பு, கல்வித் தத்துவமும் கற்பிக்கும் முறையும், தகவல் வளங்கள், நிர்வாகமும் ஆளுமையும். எல்லாத் துறைக்காரர்களும் ஒரே அறையில். மைக்ரோ டீச்சிங் என்று ஒண்ணு உண்டு. சில நிமிஷம், ஒரே ஒரு கருத்து, சக ஆசிரியர்கள் முன்னால் எடுக்கணும். வேதியியல்காரர் எடுப்பதைத் தமிழ்த்துறைக்காரர் கேட்பார். புரியலைன்னா முகத்துக்கு நேரே சொல்லிடுவார். மாணவன் சொல்லமாட்டான், இன்டர்னல் மார்க் பயம்!

அப்புறம் எங்கே இடறியது? சம்பளத்தில். 1986 ஜனவரி முதல் அமலுக்கு வந்த ஊதிய விகிதத்தில் விரிவுரையாளருக்கு 2200-4000. எட்டு வருஷம் கழித்து 3000-5000 சீனியர் ஸ்கேலுக்குப் போகணும்னா பயிற்சிச் சான்றிதழ் காட்டணும். நோக்கம் நல்லதுதான், கட்டாயம் இல்லாட்டி யார் போவாங்க? ஆனா விளைவைப் பாருங்க. முதல் வருஷம் வகுப்பில் கைகால் உதறும்போது தேவைப்படும் உதவி, பதவி உயர்வுக் கோப்பு நகரும்போது தேவைப்படும் தாளாக மாறிப்போச்சு. "எங்கே சார் போறீங்க?" "ரெஃப்ரஷர்." "என்ன பாடம்?" "எதில் சீட் கிடைக்குதோ அதில்." இது ஸ்டாஃப் ரூம் நகைச்சுவையாகவே ஆகிவிட்டது. உரிய காலத்தில் போகாதவர்களுக்காக யு.ஜி.சி. கெடுவைத் தள்ளித் தள்ளிப் போட்டதும் நடந்தது. 2010-ல் மதிப்பெண் முறை வேறு வந்து, எல்லாத்துக்கும் பாயிண்ட் எண்ண ஆரம்பித்தார்கள்.

அப்புறம் பெயர் மாற்றம். 2015-ல் மனிதவள மேம்பாட்டு மையம். 2023-ல் மாளவியா மிஷன். இது தொடங்கிய தேதியும் செப்டம்பர் 5! ராதாகிருஷ்ணன் பிறந்தநாள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிறந்தநாள், இது, எல்லாம் ஒரே தேதியில். கொரோனாவுக்குப் பின் நிறைய பயிற்சிகள் ஆன்லைனுக்குப் போய்விட்டன. வீட்டை விட்டு நாலு வாரம் போக முடியாத பெண் ஆசிரியர்களுக்கு இது பெரிய வசதி, மறுக்க முடியாது. ஆனால் கேமராவை அணைத்துவிட்டு மைக்ரோ டீச்சிங் கேட்பதற்கும், எதிரே உட்கார்ந்து "புரியலை சார்" என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்குதானே?

இதையெல்லாம் விட உறுத்துவது வேற. இன்று அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களும், சுயநிதிக் கல்லூரிகளில் குறைந்த சம்பள உதவிப் பேராசிரியர்களும் எடுக்கும் வகுப்புகள் எத்தனை! ஸ்டாஃப் காலேஜ் விதிகளில் தற்காலிக ஆசிரியர்களுக்கும் இடம் இருந்தது, மூணு கல்வியாண்டு வேலை பார்த்திருந்தால். ஆனால் ஏணியே இல்லாதவருக்கு ஏணிப்படிச் சான்றிதழ் எதுக்கு? போகிற நாட்களுக்குச் சம்பளம் யார் தருவது? பயிற்சியைப் பதவி உயர்வில் கட்டிவைத்ததால், பதவி உயர்வே இல்லாதவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் முன்னால் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை.

கோத்தாரி கமிஷன் சொன்ன அந்தப் பின்பெஞ்ச் யோசனை இன்னும் அப்படியேதான் இருக்கு. அதுக்கு அரசாணை வேண்டாம், பாயிண்ட் வேண்டாம், புதுப் பெயரும் வேண்டாம். துறைத்தலைவர் ஒருத்தர் மனசு வைத்தால், ஜூன் மாசம் புதுசா சேருகிறவரை, நிரந்தரமோ கௌரவமோ, ஒரு வாரம் நல்ல ஆசிரியர் ஒருவர் வகுப்பில் உட்காரவைக்கலாம்.

கல்லூரியில் வேலை பார்க்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, உங்க முதல் வகுப்புக்கு முன்னாடி யாராவது ஏதாவது சொல்லிக்கொடுத்தாங்களான்னு சொல்லுங்களேன்.