காசு கொடுத்தும் வராத விளம்பரம்

பத்திரிகைச் சுதந்திரத்தின் வரலாறு என்று பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் நமக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே கதைதான். 1878இல் லிட்டன் பிரபு தாய்மொழிப் பத்திரிகைச் சட்டத்தைக் கொண்டுவந்தான். 'அமிர்த பஜார் பத்திரிகா' ராத்திரியோடு ராத்திரியாக ஆங்கிலத்துக்கு மாறிச் சட்டத்திடமிருந்து தப்பித்தது. 'கேசரி'யில் எழுதியதற்காகத் திலகருக்கு 1897இல் சிறை, 1908இல் மறுபடியும் ஆறு வருஷம், மாண்டலேயில். பாரதியின் 'இந்தியா' புதுச்சேரிக்குப் போனது. 1910இல் இன்னொரு பத்திரிகைச் சட்டம். எல்லாம் நடந்ததுதான், ஒன்றும் பொய்யில்லை. சர்க்கார் வாயைப் பொத்தும், பத்திரிகை திமிறும். பரீட்சையில் பத்து மார்க் கேள்விக்கு இது போதும். ஆனால் இந்த இரண்டு பேர் சண்டையை வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த மூன்றாவது ஆள் ஒருத்தன் உண்டு. அவனுக்கு எந்தப் பத்திரிகையிலும் இடமில்லை. அவனுடைய வாயைப் பொத்தியது எந்தச் சட்டம்?

1920 ஜனவரி 31ஆம் தேதி பம்பாயிலிருந்து அம்பேத்கர் 'மூக்நாயக்' என்கிற மராத்தி இதழைத் தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்று அர்த்தம். கோலாப்பூர் சாகு மகாராஜா 2500 ரூபாய் கொடுத்து உதவினார். இப்படி ஒரு இதழ் வரப்போகிறது என்று 'கேசரி'க்கு ஒரு விளம்பரம் போனது. இனாமாக இல்லை, கட்டணம் கொடுக்கத் தயாராக இருந்தும்தான். 'கேசரி' போட மறுத்துவிட்டது. திலகர் அப்போது உயிரோடுதான் இருந்தார். 1920 ஆகஸ்டு 1ஆம் தேதிதான் இறந்தார். எழுதியதற்காக நாடு கடத்தப்பட்டுச் சிறையில் கிடந்தவருடைய பத்திரிகை அது. பிறகு 'பகிஷ்கிருத் பாரத்' இதழில் அம்பேத்கரே இதை நினைவுபடுத்தி எழுதியிருக்கிறார்.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கேட்டது கட்டுரைக்கு இடமில்லை. உங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்றும் கேட்கவில்லை. தைலத்துக்கும் லேகியத்துக்கும் கொடுக்கிற மாதிரி காசை வாங்கிக்கொண்டு நாலு வரி இடம் கொடு என்றுதான் கேட்டது. அதைத் தடுக்க எந்த வெள்ளைக்காரத் தணிக்கை அதிகாரியும் வரவில்லை. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவும் குறுக்கே நிற்கவில்லை. பத்திரிகை தன்னுடைய சுதந்திரத்தை வைத்துக்கொண்டே, அந்தச் சுதந்திரத்தால்தான், மறுத்தது. கிணற்றில் தண்ணி மொள்ளக்கூடாது, தெருவில் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது என்பதோடு, எங்கள் தாளில் உன் பெயர் மைபடக்கூடாது என்பதும் சேர்ந்துகொண்டது. தீட்டுக்குத் தாள் என்ன, தண்ணி என்ன?

நம்ம பக்கம் வருவோம். தனக்கென்று ஒரு தாள் வேண்டும் என்ற யோசனை மராட்டியத்துக்கு முன்னாலேயே சென்னைச் சேரிகளில் பிறந்துவிட்டது. 1869இல் 'சூரியோதயம்', 1871இல் 'பஞ்சமன்', 1885இல் ஜான் ரத்தினத்தின் 'திராவிட பாண்டியன்', அதையொட்டி 'மகாவிகட தூதன்'. 'இந்து' வந்தது 1878. 'சுதேசமித்திரன்' 1882. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படிக்காத கூட்டம், பத்திரிகை அறிவு இல்லாத கூட்டம் என்று சொல்கிறார்களே, அந்தக் கூட்டம் எந்த வருஷத்தில் அச்சுக் கோத்துக்கொண்டிருந்தது என்று தெரியும்.

ரெட்டமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் 'பறையன்' என்று பெயர் வைத்து ஒரு மாத இதழ் தொடங்கினார். நாலு பக்கம், விலை இரண்டணா. கொஞ்ச நாளில் வார இதழாயிற்று. எதைச் சொல்லி அவமானப்படுத்தினானோ அதையே தலைப்பில் பெரிய எழுத்தில் போடுவது என்பது சின்ன விஷயமில்லை. அதில் அயோத்திதாசப் பண்டிதருக்கு உடன்பாடில்லை. பறையன் என்பது எதிரி கட்டிவிட்ட பெயர், நாம் பூர்வ பௌத்தர், ஆதித் தமிழர் என்பது அவர் கட்சி. இருவரும் மாமன் மச்சான் முறை. சீனிவாசனின் சகோதரியைத்தான் பண்டிதர் மணந்திருந்தார். உறவு வேறு, கருத்து வேறு. எந்தப் பெயரால் நம்மை அழைத்துக்கொள்வது என்று நமக்குள்ளேயே சண்டை போட்டுக்கொள்ள நமக்குத் தாள் இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மற்ற பத்திரிகைகளில் நாம் செய்தியாக வந்தால் அதுவே அதிகம், அதிலே போய் யார் வாதம் பண்ணுவது?

அந்த 1893ஆம் வருஷமே ஒரு சோதனை வந்தது. ஐ.சி.எஸ். பரீட்சையை இங்கிலாந்தில் மட்டும் இல்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. இந்தியர் எல்லோருடைய கோரிக்கையும் அதுதான் என்று தேசியப் பத்திரிகைகள் எழுதின. இங்கே பரீட்சை வைத்தால் அதிகாரம் யார் கைக்குப் போகும், அந்தக் கை நம்மை என்ன செய்யும் என்று நம் பெரியவர்களுக்குத் தெரியும். டிசம்பரில் சென்னையில் பறையர் மகாசன சபையின் கூட்டத்தைக் கூட்டினார் சீனிவாசன். 3412 பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்குப் போனது. மனுவின் நீளம் 112 அடி. அவர்கள் எடுத்த முடிவு சரியா தப்பா என்று இன்றைக்கும் விவாதிக்கலாம். வெள்ளைக்காரனுக்கு வால்பிடித்தார்கள் என்று இப்போதும் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் 'பொதுசன அபிப்பிராயம்' என்று ஒரு சாதிக் கூட்டத்தின் அபிப்பிராயத்தை அச்சடித்துவிட்டு, அதற்கு மாற்று அபிப்பிராயம் இருந்ததாகவே தெரியாதபடி செய்துவிட முடியும். அதை அன்றைக்கு முடியாமல் செய்தது இந்தச் சபையும் இந்த நாலு பக்கத் தாளும்தான்.

சர்க்காரும் சும்மா விடவில்லை. இதழில் வந்த ஒரு கடிதத்துக்காக 1896இல் சீனிவாசன் மேல் வழக்கு. நூறு ரூபாய் தண்டம். இரண்டணாப் பத்திரிகைக்கு நூறு ரூபாய் என்றால் எண்ணூறு பிரதி விற்ற காசு. சட்டத்தின் அடியும் நம் பத்திரிகைக்கு விழுந்திருக்கிறது. விழுந்ததை எழுதி வைக்கத்தான் ஆளில்லை. 1900இல் சீனிவாசன் லண்டனுக்கென்று கிளம்பித் தென்னாப்பிரிக்காவில் தங்கிவிட்டார். 'பறையன்' அதோடு நின்றது.

1907 ஜூன் 19ஆம் தேதி ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. விலையே பெயர். ஒரு பைசா என்றால் காலணா. ஒரு வருஷத்துக்குப் பிறகு 'ஒரு பைசா' உதிர்ந்து 'தமிழன்' ஆனது. புதன்தோறும் வரும். பௌத்தம், இலக்கண விசாரம், சித்த மருத்துவம், கள்ளு, சுதேசிக்காரர்கள் மீது நக்கல், மழை பெய்ததா பெய்யவில்லையா என்ற சேதி, வாசகர் கேள்விக்குப் பதில் என்று ஒரே தாளில் எல்லாம். யார் படித்தார்கள்? கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள், ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கப்பலேறியவர்கள், பட்டாளத்திலும் பட்லர் வேலையிலும் இருந்தவர்கள். ஊரைவிட்டு வெளியே போய் நாலு காசு பார்த்தவன்தான் சந்தா கட்டினான். நிலவுடைமைக்காரன் காசு இல்லை, ஜமீன்தார் காசு இல்லை. பண்டிதர் 1914 மே 5இல் இறந்த பிறகும் அது விட்டுவிட்டு வந்தது. பிறகு தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் நடத்தினார். அந்த ஊர்க்காரர்கள் இல்லையென்றால் பண்டிதர் எழுத்து பண்டிதரோடே போயிருக்கும்.

இப்போது கணக்குப் பாருங்கள். 1908இல் 'இந்தியா' வழக்குக்குத் தப்பிப் புதுச்சேரி போனதை எத்தனை புத்தகத்தில் படித்திருக்கிறோம். அதே சென்னையில், அதே வருஷத்தில், வாரம் தவறாமல் வந்த 'தமிழ'னைப் பற்றி எம்.ஏ. தமிழில் எனக்கு ஒரு வரி சொல்லிக்கொடுக்கவில்லை. இதழியல் வரலாறு என்று தனித்தாளே இருந்தது, அதிலும் இல்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் வீட்டில் பெட்டியில் போட்டுக் கரையானிடமிருந்து காப்பாற்றி வைத்திருந்த தொகுதிகளை வைத்து, ஞான. அலாய்சியஸ் 1999இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' பதிப்பித்த பிறகுதான் பல்கலைக்கழகத்துக்காரர்களுக்குக் கண் திறந்தது. 2017இல் ஜெ. பாலசுப்பிரமணியம் 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைத் தேடித் தொகுத்து ஒரு நூலே எழுதிவிட்டார். இனி இருட்டில் இருந்தது என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய தலித் இதழ்கள் பலவற்றின் பிரதிகள் இன்று கிடைக்கவில்லை. அவற்றில் என்ன எழுதினார்கள் என்பதற்குச் சான்று எங்கே இருக்கிறது தெரியுமா? போலீஸ் வேலையில். சென்னை மாகாண சர்க்கார், தாய்மொழிப் பத்திரிகைகளில் யார் என்ன எழுதுகிறார்கள் என்று உளவு பார்க்க, வாராவாரம் சாரத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து ரகசிய அறிக்கை தயாரித்தது. 'பறையன்' எழுதியது அதில் இருக்கிறது, 'மகாவிகட தூதன்' எழுதியது அதில் இருக்கிறது. ஆட்சிக்கு ஆபத்து வருமா என்று பயந்து வெள்ளைக்காரன் சேரித் தாளையும் விடாமல் படித்திருக்கிறான். பக்கத்துத் தெருவில் பத்திரிகை நடத்தின தேசபக்தனுக்குப் படிக்கத் தோன்றவில்லை. வெள்ளைக்காரனைப் புகழ்வதற்கில்லை இது, உளவு உளவுதான். ஆனால் ஒருத்தன் பேசுவதைக் கேட்டுத் தண்டிப்பது ஒன்று, அவன் பேசுகிறான் என்பதையே ஒப்புக்கொள்ளாதது வேறொன்று. பத்திரிகைச் சுதந்திர வரலாறு முதலாவதை மட்டும்தான் அடக்குமுறை என்று எழுதி வைத்திருக்கிறது.

1950இல் அரசியல் சட்டம் வந்தது. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதற்கு இரண்டு எண் தள்ளி 19ஆவது பிரிவு பேச்சுரிமை தந்தது. பத்திரிகைச் சுதந்திரம் என்று தனியாக ஒரு பிரிவு கிடையாது, அந்தப் பேச்சுரிமையின் நிழலில்தான் அது நிற்கிறது. நம் மாகாணத்து வழக்குதான் அதற்கு முதல் பெரிய வழக்குகளில் ஒன்று. 'கிராஸ்ரோட்ஸ்' என்கிற இடதுசாரி வார இதழைச் சென்னை அரசு உள்ளே வரவிடாமல் தடுத்தது. அது செல்லாது என்று உச்சநீதிமன்றம் 1950 மேயில் ரொமேஷ் தாப்பர் வழக்கில் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் 19ஆம் பிரிவுக்கு வழக்கும் வக்கீலும் கிடைத்த மாதிரி 17ஆம் பிரிவு பத்திரிகை ஆபீசுக்குள் நுழைந்து பார்த்ததேயில்லை. 1943இலேயே அம்பேத்கர் பூனாவில் ரானடே விழாவில் பேசும்போது, இந்தியாவில் பத்திரிகை என்பது சோப்பு செய்து விற்கிற மாதிரி வியாபாரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். அதிலும் யார் செய்கிற சோப்பு?

'மோதல்' என்று ஒரு சொல் தமிழ்ப் பத்திரிகையில் உண்டு. 'இரு பிரிவினர் மோதல், கிராமத்தில் பதற்றம், போலீஸ் குவிப்பு.' இந்த வரியைப் படிக்காத வாரம் உண்டா? மோதல் என்றால் இரண்டு பக்கமும் கை ஓங்கியிருக்க வேண்டும். 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். 1997 ஜூன் 30இல் மேலவளவில் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் சேர்த்து ஆறு பேரைப் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். இதில் மோதினது யார்? 'இரு பிரிவினர்' என்று எழுதும்போது எந்தப் பிரிவு என்று சொல்லாமல் விடுவது நடுநிலைமை என்கிறார்கள். அடித்தவன் பேரும் அடிபட்டவன் பேரும் சேர்ந்தே மறைகிறபோது லாபம் அடித்தவனுக்குத்தான். இதை எந்தத் தணிக்கை அதிகாரியும் எழுதச் சொல்லவில்லை. நிருபர் தானாகவே எழுதுகிறார், உதவி ஆசிரியர் தானாகவே தலைப்பு வைக்கிறார்.

1996இல் பி.என். உனியால் என்கிற பத்திரிகையாளர் 'பயனீர்' ஏட்டில் ஒரு கட்டுரை எழுதினார். டில்லியில் இருந்த 'வாஷிங்டன் போஸ்ட்' நிருபர், அவர் கறுப்பர், தலித் பத்திரிகையாளர் ஒருத்தரை அறிமுகப்படுத்துங்கள் என்று கேட்டாராம். உனியாலுக்கு ஒருத்தரையும் தெரியவில்லை. அரசு அங்கீகாரம் பெற்ற நிருபர்கள் பட்டியலை எடுத்தார். 686 பேர். அதில் 454 பேர் பெயரிலேயே மேல்சாதி தெரிந்தது. பாக்கிப் பேரில் 47 பேரைக் கூப்பிட்டு விசாரித்தார். ஒருத்தர்கூட தலித் இல்லை. முப்பது வருஷம் பத்திரிகையில் இருந்தவருக்கு அதுவரை இது கண்ணில் படவில்லை, ஒரு அமெரிக்கன் வந்து கேட்க வேண்டியிருந்தது. 2006இல் டில்லியின் 37 நிறுவனங்களில் 315 மூத்த பத்திரிகையாளர்களைக் கணக்கெடுத்தார்கள்; தலித் இல்லை, பழங்குடி இல்லை. 2019இல் ஆக்ஸ்ஃபாம், நியூஸ்லாண்ட்ரி கணக்கு: ஊடகங்களின் 121 தலைமைப் பதவிகளில் 106 மேல்சாதியிடம், தலித், பழங்குடி ஒருத்தரும் இல்லை. மூன்று கணக்கு, இருபத்து மூன்று வருஷம்.

டில்லியை விடுங்கள். எங்கள் பக்கத்து டவுனில் நிருபர் என்பவர் பெரும்பாலும் பத்திரிகை ஏஜெண்டும்தான். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது; விளம்பரக் கமிஷன்தான் பிழைப்பு. விளம்பரம் கொடுக்கிறவர் ரைஸ் மில்காரர், கல்யாண மண்டபக்காரர், நகைக்கடைக்காரர். சில வருஷத்துக்கு முன்னால் டீக்கடையில் தனிக் கிளாஸ் வைத்திருந்ததைப் பற்றி அறிக்கை எழுதிக்கொண்டு ஒருத்தரிடம் போனோம். நல்ல மனுஷன். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார், முழுசாகப் படித்தார். "தம்பி, எல்லாம் உண்மைதான். ஆனா இதப் போட்டா பொங்கல் விளம்பரம் ஒண்ணு வராது எனக்கு" என்றார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை.

சரி, நோட்டீசாகப் போடுவோம் என்று அச்சகத்துக்குப் போனோம். 1867ஆம் வருஷத்துச் சட்டப்படி நோட்டீசின் அடியில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்க வேண்டும். (அந்தச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது புதுச் சட்டம் வந்துவிட்டது, நாங்கள் போனது அதற்கு முன்னால்.) அச்சகக்காரர் அடிக்கத் தயார், பேர் போடத்தான் தயாரில்லை. கல்யாணப் பத்திரிகை ஆர்டர் பூராவும் ஊர்த்தெருவிலிருந்துதான் வருகிறது என்றார். பேர் இல்லாமல் அடித்தால் போலீஸ் எங்களைத்தான் பிடிக்கும். இரண்டு பஸ் மாறி அடுத்த தாலுகாவுக்குப் போய் ஐந்நூறு பிரதி அடித்துக்கொண்டு ராத்திரி திரும்பினோம். அடியில் அச்சகத்தின் பெயர் இருந்தது, கொஞ்சம் மை மங்கலாக.