முதலில் கண்டது, கடைசியில் படித்தது

மனித ஜீனோமைப் படித்து முடித்துவிட்டதாக 2003-ல் அறிவித்தார்கள். நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் சுமார் 8 சதவீதம் பாக்கி. அது முடிந்தது 2022-ல். பாக்கியில் பெரும்பங்கு, ஒரே எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ. வேடிக்கை என்னன்னா, அப்படி ஒன்று இருப்பது 1960-களிலேயே தெரியும். டிஎன்ஏவை எழுத்தெழுத்தாக வாசிக்க நல்ல முறைகள் வந்ததோ 1977-ல்.

பிறகு எப்படிக் கண்டுபிடித்தார்கள்? நேரத்தை அளந்து.

அமெரிக்காவின் கார்னெகி நிறுவனத்தில் ராய் பிரிட்டன், டேவிட் கோன் என இருவர். பிரிட்டன் இயற்பியல் படித்தவர். டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கி, கொதிநிலைக்குப் பக்கத்தில் சூடாக்கினால் இரட்டை இழை பிரியும். 60 டிகிரிக்கு இறக்கினால் ஒவ்வொரு இழையும் தன் ஜோடியைத் தேடிச் சேரும்.

கல்யாண மண்டப வாசலை நினைச்சுப் பாருங்க. ஆயிரம் ஜோடிச் செருப்பு கலைஞ்சு கிடக்கு. எல்லாமே வேற வேற மாடல்னா ஜோடி சேர்க்க விடிஞ்சிடும். அதில் நூறு ஜோடி ஒரே அளவு நீல ஹவாய்னா? எந்த இடதும் எந்த வலதோடும் சேரும். அது மட்டும் சட்டுனு முடிஞ்சிடும்.

பாக்டீரியா டிஎன்ஏ கணக்குப்படியே சேர்ந்தது. கன்றுக்குட்டியின் ஜீனோம் அதைவிடப் பல நூறு மடங்கு பெரிசு, அந்த அளவுக்குத் தாமதமாகணும். ஆனால் சுமார் 40 சதவீதம் முந்திக்கொண்டு சேர்ந்துவிட்டது. சுண்டெலியில் 10 சதவீதம் அதைவிட வேகம். கணக்குப் போட்டால் ஒரு சின்னத் தொடர், ஏறக்குறைய பத்து லட்சம் பிரதிகள்! 1968-ல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். சோர்ஸ் கோடைப் பார்க்காமல், ஓடும் நேரத்தை வைத்தே உள்ளே என்ன இருக்குன்னு சொன்ன மாதிரி.

எதுக்கு இத்தனை? சுண்டெலியின் அந்தத் தொடர் சென்ட்ரோமியரில் குவிந்திருப்பதை 1970-ல் மேரி லூ பார்டியூவும் ஜோசப் காலும் காட்டினார்கள். செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் இடம் அது. 1972-ல் சுசுமு ஓனோ 'குப்பை' என்ற சொல்லைப் பிரபலமாக்கினார். அவரைக் கேலி செய்வது இப்போ ஃபேஷன். நான் சேர மாட்டேன். வெங்காயத்தின் ஜீனோம் நம்முடையதைப்போல் ஐந்து மடங்கு, பெரும்பகுதி இப்படித் திரும்ப வருவதுதான். அத்தனைக்கும் வேலை இருக்குன்னு யாராவது சொன்னால் வெங்காயத்தைக் காட்டுவேன். அதுக்காக சென்ட்ரோமியரையும் குப்பைக்கூடையில் போட முடியாது.

கடைசிவரை படிக்க முடியாமல் கிடந்ததில் மனித சென்ட்ரோமியரும் ஒன்று. 171 எழுத்துத் தொடர், அடுத்தடுத்து, லட்சக்கணக்கான எழுத்து நீளத்துக்கு. பழைய இயந்திரங்கள் சில நூறு எழுத்தாகத்தான் படிக்கும். ஒட்டவைக்கும் மென்பொருளுக்கு எந்தத் துண்டு எந்த இடம்னு புரியாது. மறுபடி அதே நீல ஹவாய்: ஜோடி சேர்ப்பது சுலபம், எது யாருடையதுன்னு சொல்வதுதான் கஷ்டம். பல ஆயிரம் எழுத்துகளை ஒரே மூச்சில் படிக்கும் இயந்திரங்கள் வந்த பிறகுதான் பாக்கி தீர்ந்தது. ஒய் குரோமோசோம் மட்டும் 2023 வரை இழுத்தடித்தது.