வெயில் பெட்டியின் வரலாறு



வெயிலைப் பற்றி உங்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரி நகரத்தின் தென்பக்கம், அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது தேங்காய்த்திட்டு. மீன்பிடித் துறைமுகம் உள்ள இடம். கடலோரத்து ஜனங்களுக்குக் கருவாடு காய்வதும், வயற்காட்டு ஜனங்களுக்கு நெல்லும் மிளகாயும் காய்வதும் வெயிலில்தான். ஆனால் வெயிலைப் பெட்டிக்குள் பிடித்து வைத்து வேலை வாங்கலாம் என்பதை நம் பிள்ளைகள் கையாலே செய்து பார்த்திருக்கிறார்களா? அந்தப் பெட்டிக்கு இரண்டரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அதில் நமக்கும் ஒரு படிப்பினை இருக்கிறது.

1767-ல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சொஸ்யூர் என்ற விஞ்ஞானி, கண்ணாடி மூடிய பெட்டி ஒன்றை வெயிலில் வைத்தார். உள்ளே சூடு, தண்ணீர் கொதிக்கிற அளவையும் தாண்டியது. அதே பெட்டியை மலைமேல் கொண்டுபோய் வைத்தார். அங்கே காற்று குளிர்ந்திருந்தது. ஆனாலும் பெட்டிக்குள் ஏறக்குறைய அதே சூடு! இதிலிருந்து என்ன தெரிகிறது? பெட்டிக்குச் சூடு தருவது காற்று அல்ல, சூரிய ஒளி. வானம் தெளிவாக இருந்தால் மார்கழிக் குளிரிலும் பெட்டி வேலை செய்யும்.

அதற்குப் பிறகு, 1830-களில், ஜான் ஹெர்ஷல் என்ற வானசாஸ்திரி தென்னாப்பிரிக்காவில் தங்கியிருந்தார். மரப்பெட்டியை மணலில் புதைத்து, மேலே கண்ணாடி போட்டு, முட்டையும் இறைச்சியும் வேக வைத்துக் காட்டினார். மணல் எதற்கு? உள்ளே போன சூடு பக்கவாட்டில் ஓடிப் போகாமல் இருக்கத்தான்.

பிரான்சில் இந்த வேலையை எடுத்துக்கொண்டவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஓகுஸ்தென் மூஷோ என்று பெயர். கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். கண்ணாடிப் பெட்டியோடு பளபளப்பான உலோகத் தகட்டையும் சேர்த்து, வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்கினார். 1878-ல் பாரிஸ் பொருட்காட்சியில், வெயில் சூட்டைக் கொண்டே பனிக்கட்டி செய்து காட்டித் தங்கப் பதக்கம் வாங்கினார். அப்புறம் என்ன ஆச்சு? நிலக்கரி மலிந்தது, அரசாங்கம் கைவிட்டுவிட்டது.

அதே 1878-ல் நம் நாட்டிலும் ஒரு முயற்சி நூலாக வந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்த வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர், தட்டைக் கண்ணாடித் துண்டுகளை எட்டுப் பக்கமாகப் பொருத்தி ஓர் அடுப்பு செய்தார். ஜனவரி மாதத்தில், ஏழு சிப்பாய்களுக்கான சாப்பாட்டை இரண்டு மணி நேரத்தில் வேக வைத்ததாக எழுதியிருக்கிறார்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-களில், டில்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் குழிந்த கண்ணாடி அடுப்பு ஒன்றை உருவாக்கிச் சந்தைக்கு அனுப்பியது. ஜனங்கள் வாங்கவில்லை. ஏன்? சூரியன் நகர நகர அடுப்பைத் திருப்ப வேணும். சமைப்பவர் வெயிலில் நிற்க வேணும். நம் வீட்டிலோ முக்கியச் சமையல் காலையிலும் மாலையிலும். 1982 முதல் மத்திய அரசு மானியம் கொடுத்துப் பெட்டி அடுப்பைப் பரப்பியபோதும், எல்லா வீட்டுக்கும் அது போய்ச் சேரவில்லை.

அப்படியானால் பெட்டி பயனற்றதா? இல்லை. வெயிலின் நேரமும் வேலையின் நேரமும் ஒத்துப் போகிற இடத்தில் அது ஜெயிக்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில், ஆரோவில் சூரியச் சமையற்கூடத்தில், 1990-களின் கடைசியில் 15 மீட்டர் அகலமுள்ள பெரிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்றைக் கட்டினார்கள். அது வெயிலைக் குவித்து நீராவி எடுத்து, மதியச் சாப்பாட்டுக்கு உதவுவதற்காகக் கட்டியது. மதியச் சமையலுக்கு மதிய வெயில். கணக்கு சரியாகிறது பாருங்க.

இந்தக் கணக்கைப் பிள்ளைகள் புத்தகத்தில் படித்தால் போதாது. செய்து பார்க்க வேணும். இரண்டு அட்டைப் பெட்டி எடுங்கள், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. சிறியதைப் பெரியதற்குள் வைத்து, நடுவே நான்கு விரற்கடை இடைவெளியில் காய்ந்த வைக்கோலோ தேங்காய் நாரோ அடையுங்கள். ஹெர்ஷலின் மணல் செய்த வேலையை இது செய்யும். உட்புறம் கருப்புக் காகிதம் ஒட்டுங்கள். மேலே ஜன்னல் கண்ணாடி. பெரிய பெட்டியின் மூடியில் பளபளப்புத் தாள் ஒட்டி, வெயில் உள்ளே விழும்படி சாய்த்து நிறுத்துங்கள். வெளிப்புறம் கருப்படித்த சின்னப் பாத்திரத்தில் ஒரு பங்கு பச்சரிசி, இரண்டு பங்கு தண்ணீர், மூடி வையுங்கள். காலை 10 மணிக்கு வைத்தால், நல்ல வெயிலில் மதியச் சாப்பாட்டுக்குச் சோறு தயார். கண்ணாடியும் பாத்திரமும் கொதிக்கும், துணி பிடித்துத்தான் எடுக்க வேணும். பளபளப்புத் தாளை உற்றுப் பார்க்கக் கூடாது.

இதோடு விடாதீர்கள். ஒரே அளவு தண்ணீரை இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றைக் கண்ணாடிக்குள்ளும் ஒன்றை வெளியிலும் வைத்து, எது எவ்வளவு சூடாகிறது என்று பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். மேகம் வந்த நாளையும், அரிசி வேகாத நாளையும் எழுதட்டும். வேகாத நாளும் பாடம்தான். ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டியும் நம் பக்கம் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்று பகல் 12 மணி 10 நிமிஷம் போல ஒரு குச்சியை நட்டுப் பார்த்தால் நிழலே விழாது. மூடியை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பது இதிலிருந்து விளங்கும்.

நமக்குக் காசு தருவது இதற்கு அடுத்த படி. சமைக்கிற பெட்டி இறுக மூடியிருக்க வேணும். காய வைக்கிற பெட்டிக்கோ காற்று ஓட்டம் வேணும். கீழே வலை அடித்த துளை, மேல்பக்கம் ஈரக்காற்று வெளியேற ஒரு வழி, நடுவே வலைத்தட்டு. மிளகாயோ மீனோ தூசியும் ஈயும் இல்லாமல் காயும். திடீர் மழைக்கும் நனையாது. துளை வைக்க மறந்தால் சரக்கு வேகும், காயாது!

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பம்புசெட்டுக்கு வைக்கிற சோலார் பலகை சூட்டை வைத்து ஓடுவதில்லை. ஒளியை நேரே மின்சாரமாக்குகிறது. அந்தச் சிலிக்கன் பலகையை அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தார் செய்து காட்டியது 1954-ல். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி நிர்வாகத்தை ஒப்படைத்த அதே வருஷம். இரண்டுக்கும் மூலதனம் ஒரே வெயில், வழி வேறு. வெயில் பெட்டி செய்து பழகின பிள்ளை, நாளைக்குப் பலகை விற்க வருகிறவரிடம், "மேகமூட்டத்தில் எவ்வளவு ஓடும்? நிழல் விழுந்தால் என்ன ஆகும்?" என்று கேட்கும். அந்தக் கேள்வி உங்கள் பணத்தைக் காப்பாற்றும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் கிடக்கிற இரண்டு அட்டைப் பெட்டியைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.