விலைவாசி மட்டும் போதாது

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென இலங்கை அறிவித்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நீண்ட வரிசைகளில் காத்துநின்ற அந்நெருக்கடியின் விளைவாக, மக்கள் விடுதலை முன்னணியின் தலைமையிலான தேசிய மக்கள் சக்தி 2024இல் ஆட்சிபீடமேறியது. அவ்வாண்டு நவம்பர் பொதுத்தேர்தலில் யாழ். மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றை அது கைப்பற்றியமை பலரையும் வியப்பிலாழ்த்தியது.

ஆயினும், வடபுலத்துக்கு இடதுசாரி அரசியல் புதியதன்று. 1956இல் கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது பருத்தித்துறைத் தொகுதி. அவ்வாண்டு தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தோருள் தென்னிலங்கை இடதுசாரிகளும் அடங்குவர். 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தை முன்னின்று நடத்தியவர்களும் இடதுசாரிகளே.

அந்த நன்மதிப்பு ஏன் நிலைக்கவில்லை? 1970இல் அமைந்த ஐக்கிய முன்னணி அரசில் சமசமாஜ, கம்யூனிஸ்ட் கட்சிகள் பங்காளிகளாயின. இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் யாழ்ப்பாணத்து வெங்காய, மிளகாய்ச் செய்கையாளருக்கு நல்ல விலை கிடைத்தது. ஆனால் அதே அரசுதான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைப் புகுத்தியது. கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா அமைச்சராயிருந்து உருவாக்கிய 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு, பௌத்தத்துக்கு முதலிடம் வழங்கியதுடன், சோல்பரி யாப்பிலிருந்த சிறுபான்மையினருக்கான காப்பீட்டையும் கைவிட்டது. விளைவு, 1977இல் வடமாகாணத்தின் 14 தொகுதிகளும் தமிழர் விடுதலைக் கூட்டணி வசமாயின. கைநிறைந்த வருமானம் பறிபோன உரிமைக்கு ஈடாகவில்லை.

இன்றைய ஆட்சியாளர் இதனை மனங்கொள்ள வேண்டும். வடக்கு கிழக்கு இணைப்புக்கு எதிராக 2006இல் உயர் நீதிமன்றம் சென்றது மக்கள் விடுதலை முன்னணியே என்பதைத் தமிழர் மறந்துவிடவில்லை. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் தமிழரசுக் கட்சி மீண்டும் முன்னிலை பெற்றமை ஓர் எச்சரிக்கையாகும்.

எமக்கும் ஒரு கடப்பாடு உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் காணியோடும் கௌரவத்தோடும் மீள்குடியேறும் உரிமைக்குக் குரல்கொடாமல், கொழும்பிடம் நாம் சமத்துவம் கோருவது நேர்மையாகாது. பொருளாதார மீட்சியும் இனச் சமத்துவமும் ஒரே கோரிக்கையின் இரு பாதிகள் என்பதே எமது நிலைப்பாடு. ஒன்றைக் கொடுத்து மற்றதை மறக்கச் செய்ய முயன்றோரை இம்மண் நிராகரித்தே வந்துள்ளது.