அழுகியதா, அழுகச் செய்ததா?

‘புண் செப்டிக் ஆயிடுச்சு’ என்று நம் ஊர்களில் சாதாரணமாகச் சொல்கிறோம். புண் தானாகவே கெட்டுப்போனதுபோல் ஒலிக்கிறது. ஆனால் ‘செப்டிக்’ பிறந்தபோது, நம் இலக்கணப்படி சொன்னால், பிறவினைப் பொருள் கொண்ட பெயரடை. அதன் கிரேக்க மூலத்துக்கு அழுகச் செய்கிற என்று பொருள். 1750இல் ஜான் பிரிங்கிள் லண்டனில் சோதனைகள் செய்தபோதும், இறைச்சியை விரைவாக அழுகவைக்கும் பொருளைத்தான் செப்டிக் என்றார்; தடுப்பது ஆன்டிசெப்டிக். பின்னாளில் அந்தப் பெயரடை அழுகவைத்ததை விட்டுவிட்டு அழுகிய உடம்பின்மேல் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்த உடம்பு பெரும்பாலும் யாருடையது?

1797 ஆகஸ்ட் 30 அன்று லண்டனில் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். மருத்துவச்சி போதும் என்பதே அவர் விருப்பம். நஞ்சுக்கொடி வெளிவராததால் மருத்துவர் அழைக்கப்பட்டார். அவர் கையை உள்ளே விட்டு அதைத் துண்டு துண்டாக எடுத்தார். செப்டம்பர் 10 அன்று மேரி இறந்தார், வயது 38. நோய்க்குப் பெயர் பிரசவக் காய்ச்சல். பெயரிலேயே பழி பிரசவத்தின்மேல் விழுந்துவிடுகிறது, பாருங்கள்.

வியன்னாவின் பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், மற்றதில் மருத்துவச்சிகள். 1846இல் முதல் பிரிவில் நூற்றுக்குப் பதினோரு தாய்மார் இறந்தார்கள். இரண்டாவதில் மூன்றுக்கும் குறைவு. ஏழைப் பெண்களுக்கு இது தெரிந்திருந்தது. முதல் பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று கெஞ்சினார்கள். வரும் வழியில் தெருவிலேயே பெற்றவர்களுக்குக்கூடக் காய்ச்சல் குறைவாகத்தான் வந்தது. அறிஞர்கள் கெட்ட காற்று என்றார்கள், அச்சம் என்றார்கள், ஆண்கள் பரிசோதிப்பதால் வரும் கூச்சம் என்றும் சொன்னார்கள். (கூச்சத்தால் செத்தாளாம்!) மாணவர்களோ காலையில் பிணங்களை அறுத்துவிட்டு அதே கையோடு பிரசவ அறைக்கு வந்துகொண்டிருந்தார்கள். 1847 மே மாதம் இக்னாஸ் செம்மல்வெய்ஸ் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு ஜூனில் இரண்டாக இறங்கியது. அழுகலைக் கொண்டுவந்தது மருத்துவரின் கைதான் என்பதை அவருடைய சக மருத்துவர்கள் பலரால் ஏற்க முடியவில்லை.

அந்தப் பெயரடை நம் நாட்டு மருத்துவமனைக் குறிப்பேடுகளுக்கும் வந்து சேர்ந்தது: ‘செப்டிக் அபார்ஷன்’. 1971இல் கருக்கலைப்புச் சட்டம் வரும்வரை, தாயின் உயிரைக் காப்பதற்கு அல்லாமல் கருவைக் கலைப்பது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவின்படி குற்றம். அந்தப் பெண்ணுக்கும் தண்டனை உண்டு. அதனால் குச்சியையும் கம்பியையும் தேடிப் போனவர்கள், கடும் காய்ச்சலோடு அரசு மருத்துவமனைக்கு வந்தார்கள். குறிப்பேட்டில் அவள் பெயர் இருக்கும், வயது இருக்கும், கணவன் பெயர் இருக்கும், பிறகு ‘செப்டிக்’. அழுகச் செய்தது எது என்று எழுத அதில் கட்டம் கிடையாது.