இடம்பெயர்ந்தோர் பத்திரமும் கணனிக் களஞ்சியமும்

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பாலோர் புத்தளம், கற்பிட்டிக் கரையோரங்களிற் புகலடைந்தனர். காணி உறுதி முதலிய பத்திரங்களை இழந்து வந்தோர் பலர். ஒற்றைப் பிரதியை நம்பியிருத்தலின் இடர் இதனாற் புலனாகும்.

அத்தகு பத்திரங்களின் படிமங்களைப் பல கணனிகளுக்கும் பொதுவான களஞ்சியமொன்றில் வைத்தல் இன்று இயலும். ஸன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984இல் அதற்கான வலைப்பின்னல் முறையை வகுத்தபோது, களஞ்சியத்தை ஆள்வோர் கட்டளைகளைத் தட்டச்சிட்டே ஆண்டனர். 2005இல் பிரெஞ்சுக்காரரான ஒலிவியே கொஷார்-லாபே தொடக்கிய, பின்னாளில் ட்ரூநாஸ் எனப் பெயர்பெற்ற ஃப்ரீநாஸ், பழைய கணனியையே களஞ்சியமாக்கியதோடு, வட்டுகளையும் பயனர் உரிமைகளையும் உலாவித் திரையிற் கண்டு அமைக்க வழிசெய்தது. ஈழத்து நூல்களை எண்ணிமமாக்கும் நூலகத் திட்டம் தோன்றியதும் அவ்வாண்டிலேயே.

திரைவழி எளிது, சிறியதொரு பள்ளிவாசல் நிருவாகமும் கையாளத்தக்கது. ஆயினும் திரையில் எப்பொத்தான்களை எவ்வரிசையில் அழுத்தினோம் என்பது பெரும்பாலும் நினைவிலேயே தங்குவது. கட்டளை வரிகளோ எழுதிவைக்கத்தக்கவை. உப்புக்காற்றிற் கருவி பழுதுறின், வேறூரிற் பேணிய மறுபிரதிக்கு அவ்வரிகளைக் கொண்டே புதிய களஞ்சியம் அமைக்கலாம். இரண்டையும் கலந்தாளுதலில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஃப்ரீநாஸிற் கட்டளைவழிச் செய்த மாற்றத்தைத் திரை அறியாது போகலாம். மறுதொடக்கத்தில் அது நீங்கவுங் கூடும். ஒரே காணிக்கு இரு உறுதிகள் இருத்தல் போன்றது அந்நிலை.